கிலார்சாவின் கருங்கல் வீடு: கிராம்சி இல்லத்துக்குப் போய்வந்தோம்

இத்தாலியில் தொரினோ (டூரின்) நகரத்துக்கு வந்து 13 வருடம் ஆகிறது. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்த வேலை செய்கிற நம்மவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டில் நாலைந்து வருடம் இருந்துவிட்டால் அந்த வீட்டுக் கதையெல்லாம் நம் கதையாகிவிடும். நான் ஆறு வருடம் பார்த்துக்கொண்ட பெரியவர், மிராஃபியோரியில் இருக்கிற ஃபியட் தொழிற்சாலையில் 31 வருடம் உழைத்தவர். அவரை நொன்னோ என்றுதான் கூப்பிடுவேன். இங்கே தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நொன்னோவுக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. பின்னேரம் கோப்பி குடித்து முடித்ததும், அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுக்கச் சொல்வார். இத்தாலியின் பேர்போன அரசியல் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். "ஒன்று வாசி" என்பார். எனக்கு அப்போது கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் இத்தாலியன் தெரியும். சொல்லுக்குச் சொல் தடக்கித் தடக்கி வாசிப்பேன், அவர் பொறுமையாகத் திருத்துவார். நான் இத்தாலியன் படித்தது எந்த வகுப்பிலும் இல்லை, அந்தச் சமையலறை மேசையில்தான். அவருடைய தகப்பனும் ஃபியட் தொழிலாளிதானாம். 1920 செப்டம்பரில் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி வைத்திருந்தபோது உள்ளே இருந்தவராம். அதனால் கிராம்சியைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

2021 இல் நொன்னோ போய்விட்டார். புத்தகத்தை அவருடைய மகள் எனக்கே தந்தார். அதில் அடிக்கடி வருகிற ஓர் ஊர்ப் பெயர் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது: கிலார்சா. இத்தாலியின் சார்தீனியாத் தீவின் நடுவில் இருக்கிற சின்ன ஊர். கிராம்சி சின்ன வயதில் வளர்ந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. போன ஏப்ரலில், 25 ஆம் தேதி விடுதலை நாள் லீவோடு சேர்த்து நாலு நாள் கிடைத்தது. 11 வயது மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போவது வசதியா என்று கேட்பீர்கள். தீவின் தலைநகரான கால்யாரி வரை விமானம், அங்கிருந்து ரயில். ஒரிஸ்தானோவைத் தாண்டும் வரை சமவெளி. அப்புறம் ரயில் மேட்டில் ஏறத் தொடங்கும். ஏற ஏற நிலத்தின் நிறமே மாறிவிடும். எங்கே பார்த்தாலும் கறுப்புக் கல், அந்தக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள், நடுவே தக்கை மரங்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான மேட்டுநிலம் என்று சொன்னார்கள். அப்பசாந்தா என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். சார்தீனிய மொழியில் அந்தப் பெயருக்குப் புனித நீர் என்று பொருள். அப்பசாந்தாவும் கிலார்சாவும் ஒட்டிப் பிறந்த ஊர்கள் மாதிரி, ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குகிறது. நாங்கள் நடந்தே போனோம், அரை மணி நேரம். வழியில் ஒரு பஸ்ஸுக்கு நின்று பார்த்தோம். அட்டவணையில் போட்டிருந்த நேரத்துக்கு அது வரவேயில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் கால்யாரியிலோ ஒரிஸ்தானோவிலோ கார் எடுத்துக்கொள்வது நல்லது.

வீடு ஊரின் பெரிய தெருவான கோர்சோ உம்பெர்த்தோவில், தெருவோடு ஒட்டி இருக்கிறது. இரண்டு தட்டு, அதே கறுப்புக் கல். பெரிய ஆளின் வீடு என்று நினைத்துத் தேடினால் தாண்டிப் போய்விடுவீர்கள். நாங்களே ஒரு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். எனக்கு அந்த வீட்டில் முதலில் பிடித்ததே அந்த அளவுதான். அக்கம்பக்கத்து வீடுகளைவிடப் பெரிதுமில்லை, சிறிதுமில்லை.

கிராம்சி யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு சில வரி. 1891 ஜனவரி 22 ஆம் தேதி, சார்தீனியாவில் ஆலெஸ் என்ற ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நாலாவது. வீட்டில் நீனோ என்று கூப்பிடுவார்கள். பத்திரிகையாளர், இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பாராளுமன்ற உறுப்பினர். முசோலினியின் அரசு 1926 இல் சிறையில் போட்டது. சிறையில் எழுதிய 33 குறிப்பேடுகளை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். 1937 இல், 46 வயதில் இறந்துபோனார். இவ்வளவையும் எங்கேயும் வாசித்துக்கொள்ளலாம். இதற்காக யாரும் கிலார்சாவுக்குப் போக வேண்டியதில்லை. அங்கே போய்ப் பார்க்க வேண்டியது நீனோ என்ற பிள்ளையை.

எங்களைச் சுற்றிக் காட்டியவர் அந்தப் பகுதிப் பெண். அவசரப்படுத்தவே இல்லை. அன்றைக்கு எங்களைத் தவிர இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மகள் இருப்பதைப் பார்த்ததும் கட்சி, மாநாடு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு நேரே நீனோ செதுக்கிய கற்களுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கற்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிராம்சிக்குச் சின்ன வயதிலேயே முதுகெலும்பு வளைந்துவிட்டது. முதுகெலும்பில் வந்த காசநோய் என்று பிற்காலத்தில்தான் தெரிந்தது. அப்போதைய வைத்தியர் சொன்ன வழி, பிள்ளையை வாரில் கட்டி உத்திரத்தில் தொங்கவிடுவது. தொங்கவிட்டார்கள். முதுகு நிமிரவில்லை. வளர்ந்த பிறகும் ஐந்தடியைத் தொடவில்லை. தன் உடம்பைத் தானே பலப்படுத்த வேண்டும் என்று அந்தப் பையன் கல்லை உருண்டையாகச் செதுக்கி, இரண்டு உருண்டைகளைத் தும்புத்தடிக் கம்பால் இணைத்து, காலையில் எழுந்ததும் தூக்கித் தூக்கிப் பழகியிருக்கிறான். பணக்கார வீட்டுப் பிள்ளை என்றால் இரும்புப் பளு வாங்கியிருக்கும். இவனுக்கு ஊரில் இலவசமாகக் கிடைத்தது கல்.

அந்த உருண்டையை நான் குனிந்து, நன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கிலார்சாத் தெருவில் காலில் தடக்குகிற அதே கல் மாதிரித்தான் இருந்தது, சின்னச் சின்னத் துளையோடு. அதை உருண்டையாக்குவது லேசான வேலை இல்லை. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் கோணும். எத்தனை நாள் உட்கார்ந்து தட்டியிருப்பான் என்று மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வேலையில் முதுகு வளைந்தவர்களை ஒவ்வொரு நாளும் தூக்கி நிறுத்துகிறேன். அந்த வலி எப்படி முகத்தில் தெரியும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லைப் பார்த்தபோது எனக்கு அந்த முகம்தான் வந்தது, தத்துவ ஆசிரியரின் முகம் இல்லை.

தகப்பன் பிரான்செஸ்கோ, அரசாங்கப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1898 இல் கணக்கில் முறைகேடு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தேர்தலில் தோற்ற பக்கம் நின்றதுதான் உண்மைக் காரணம் என்றும் சொல்வார்கள். ஆறு வருடம் கழித்து 1904 இல்தான் வீட்டுக்கு வந்தார். அந்த ஆறு வருடமும் தாய் ஜுசெப்பீனா ஏழு பிள்ளைகளோடு இந்த ஊரில்தான் காலம் தள்ளினார். தனக்குச் சொந்தமான காணித் துண்டை விற்று வழக்குச் செலவு பார்த்தார். சட்டை தைத்துக் கொடுத்தார். அறையை வாடகைக்கு விட்டார். தகப்பன் எங்கே என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைத்தார்.

படிப்பில் கெட்டிக்காரனாக இருந்த நீனோவை 11 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி ஊரிலிருந்த காணிப் பதிவு அலுவலகத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், ஞாயிறு காலையிலும் வேலை. சம்பளம் மாதம் 9 லீரா. அது ஒரு நாளைக்கு ஒரு கிலோ பாண் வாங்கத்தான் காணும் என்று பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் அவரே கணக்குப் போட்டிருக்கிறார். தன்னைவிடப் பாரமான பதிவேடுகளைத் தூக்கித் திரிந்ததையும், உடம்பு நோக இரவில் யாருக்கும் தெரியாமல் அழுததையும் அதே கடிதத்தில் எழுதுகிறார். இதை அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மகள் என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் 11 வயது. "ஸ்கூலுக்கே போகவில்லையா?" என்று கேட்டாள். இரண்டு வருடம் போகவில்லை. அப்புறம் சாந்து லுசூர்ஜு என்ற ஊரில் படித்து, கால்யாரியில் உயர்பள்ளி முடித்து, ஏழை மாணவருக்கான உதவித்தொகைப் பரீட்சையில் வென்று 1911 இல் தொரினோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மாதம் 70 லீரா. குளிருக்கு மேலங்கி கூட இல்லாமல் எங்கள் ஊர்க் குளிரில் படித்தார்.

வீட்டில் கடிதங்களும் படங்களும் வைத்திருக்கிறார்கள். ஆறுதலாகப் பாருங்கள், ஓடிப்போகாதீர்கள். நான் கையோடு நொன்னோவின் புத்தகத்தைக் கொண்டு போயிருந்தேன். அதுதான் நான் செய்த நல்ல காரியம். சுற்றிப் பார்த்து முடிந்ததும், "முற்றத்தில் இருந்து வாசிக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக" என்றார். ஒரு மணி நேரம் இருந்தோம். யாரும் வந்து எழுப்பவில்லை.

மகளுக்காக முதலில் முள்ளெலிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். மூத்த மகன் தேலியோவுக்குச் சிறையிலிருந்து எழுதியது. சின்னப் பையனாக இருந்தபோது சிநேகிதனோடு இரவில் ஒளிந்திருந்து பார்த்தாராம். முள்ளெலிகள் குடும்பமாக வந்து, அப்பிள் பழங்களை ஒன்றாகச் சேர்த்து, அதன்மேல் உருண்டு, முள்ளில் குத்திக்கொண்டு போனதாம். அதுகளைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் கனகாலம் வைத்திருந்தாராம். நாங்கள் இருந்ததும் முற்றம்தான். மகள் நிலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மகனுக்கு இதை எழுதும்போது கிராம்சி அவனைப் பார்த்தே பல வருடம். இரண்டாவது மகன் ஜுலியானோவை அவர் பார்த்ததே இல்லை.

அப்புறம் எனக்காக இன்னொரு கடிதம். 1927 மார்ச்சில் தங்கச்சி தெரெசீனாவுக்கு எழுதியது. நொன்னோவுக்கு இதை வாசித்துக் காட்டியிருக்கிறேன், ஆனால் அப்போது எனக்கு மொழி போதாது, பாதிதான் விளங்கியது. தங்கச்சியின் பிள்ளைகளைச் சார்தீனிய மொழி பேச விடுங்கள் என்று அதில் எழுதுகிறார். அண்ணன் மகள் எத்மேயாவைச் சின்ன வயதில் அந்த மொழியில் பேச விடாதது பிழை என்கிறார். சார்தீனிய மொழி வெறும் வட்டார வழக்கு இல்லை, தனி மொழி என்கிறார். வீட்டில் பிள்ளைகளுக்காக உடைத்து உடைத்துப் பேசுகிற இத்தாலியன், நாலு வாக்கியமும் சில சொல்லும்தான், அதனால் பிள்ளைக்கு நன்மை இல்லை, பிறந்த இடத்தின் மொழியில் மனம்போல வளரட்டும் என்கிறார். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர் சொல்கிற வார்த்தை இது. படிக்கிற காலத்திலேயே தொரினோவிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதி, இந்தச் சொல் நம் பக்கம் இருக்கிறதா, எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டவர்.

என் மகள் பாலர் பள்ளியில் சேர்ந்தபோது அங்கே ஓர் ஆசிரியை, வீட்டில் இத்தாலியனே கதையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் பயந்துபோய் அப்படியே செய்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் என் பிள்ளையைக் கொஞ்சினேன், ஏசினேன், நித்திரையாக்கினேன். இன்றைக்கு அவளுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வராது. அவளுடைய அம்மம்மா தொலைபேசியில் ஐந்து நிமிடம் கதைத்தால் நான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை அவளே சத்தமாக வாசித்தாள். அவளுக்கு இத்தாலியன் தண்ணீர்பட்ட பாடு. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்: "அப்ப நீங்கள் ஏன் அம்மா என்னோட இத்தாலியன் கதைச்சீங்கள்?"

ஆசிரியை சொன்னதைச் சொன்னேன். பயந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். சுற்றிக் காட்டிய அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கிட்ட வந்து, தன்னையும் வீட்டில் சார்தீனிய மொழி பேச விடவில்லை, பாட்டியிடம் ஒளித்துக் கற்றுக்கொண்டேன் என்றார். மகளுக்கு அந்த மொழியில் நாலைந்து சொல் சொல்லிக் கொடுத்தார். தண்ணீருக்கு அப்ப. அப்பசாந்தாவில் இருக்கிற அதே அப்ப. மகள் பதிலுக்குத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

ஒரு நினைவில்லத்தில் இதைவிட நல்ல உபசரிப்பை நான் எதிர்பார்க்கமாட்டேன். பெரிய நகரங்களில் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கிறோம். காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே ஓர் ஆள் இருந்து கதைக்கிறார்.

தாயைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கிராம்சி நாலு வயதில் மூன்று நாள் இரத்தம் போய், இனிப் பிழைக்காது என்று வைத்தியர்கள் கைவிட்டார்களாம். புதைக்க வாங்கிய சின்னப் பெட்டியையும் உடுப்பையும் தாய் 1914 வரை வீட்டில் வைத்திருந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். 23 வயது மகன் தொரினோவில் படித்துக்கொண்டிருக்கிறான், வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது. அந்தத் தாய்க்குத்தான் அவர் 1928 இல், வழக்குக்கு முன்னால், மானத்தோடு வாழ வேண்டுமென்றால் சில நேரம் பிள்ளைகள் தாய்க்குப் பெரிய துயரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். தீர்ப்பு 20 வருடம், 4 மாதம், 5 நாள். தாய் 1932 டிசம்பர் 30 ஆம் தேதி இறந்தார். மகனின் உடல்நிலையை நினைத்து வீட்டார் அவருக்குச் சொல்லவில்லை. 1934 மார்ச்சில்கூட அவர் தாய்க்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சிறையிலிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருந்த தாய்மாரை எங்கள் பக்கத்திலும் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே காத்திருந்தது சிறைக்குள் இருந்த மகன். அதை வாசித்த பிறகு என்னால் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பகல் ஒரு மணிக்குப் பிறகு ஊர் சாத்திவிடும். நாங்கள் நம்பிப் போன ஒரு சாப்பாட்டுக் கடை, தொலைபேசியில் திறந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு மூடியிருந்தது. பிள்ளை பசியோடு நின்றது எனக்குக் கோபம்தான். முன்கூட்டியே ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காலையில் ஒரு பாண் கடையில் பர்துலா வாங்கியிருந்தோம். பாலாடைக்கட்டி வைத்து ஓரத்தை மடித்துச் சுட்ட சின்ன இனிப்பு, மேலே தோடம்பழ வாசம். அது அன்றைக்குக் கைகொடுத்தது. அதை வாங்கியதற்கும் காரணம் ஒரு கடிதம்தான். விடுதலையாகி வந்தால் பெரிய விருந்து வைப்போம் என்று தாய்க்கு எழுதும்போது குலுர்சோனெஸ், பர்துலா, சிப்புலா, சீனிப் பொம்மை, காய்ந்த அத்திப்பழம் என்று ஒவ்வொன்றாக, ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கிறார். அத்திப்பழம் மட்டும் ததசூனி ஊர் மரியா மாமியுடையது வேண்டாமாம். சிறையில் இருந்துகொண்டு எந்த மாமியின் அத்திப்பழம் சரியில்லை என்று நினைவு வைத்திருக்கிற மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நேரம் இருந்தால் சான் பல்மேரியோ தேவாலயத்தையும் பக்கத்தில் இருக்கிற பழைய கோபுரத்தையும் பாருங்கள், கால் மணி நேரம் போதும். கார் இருந்தால் அப்பசாந்தாவுக்கு வெளியே லோசா என்ற கற்கோட்டை இருக்கிறது, மூவாயிரம் வருடத்துக்கு மேல் பழையது, அதே கறுப்புக் கல். எங்களுக்கு ரயில் இருந்தது, போகவில்லை.

கிலார்சாவைப் பார்த்த பிறகு தொரினோ எனக்கு வேறு ஊராகிவிட்டது. அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய பத்திரிகை வாழ்க்கையின் பெரும்பகுதி இங்கேதான். பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமலே 1915 இறுதியில் சோசலிஸ்ட் கட்சிப் பத்திரிகையான அவந்தியின் தொரினோ பதிப்பில் சேர்ந்தார். எங்கள் நகரத்தின் அடையாளமான மோலே கோபுரத்தின் பெயரில், 'மோலேயின் கீழே' என்று ஒரு பத்தி எழுதினார். நகரத்தில் நடக்கிற சின்ன விஷயமெல்லாம் அதில் வரும். நாடக விமர்சனமும் எழுதினார், பிரான்டெல்லோவின் நாடகங்களைப் பற்றியும். 1919 மே 1 ஆம் தேதி நண்பர்கள் மூன்று பேரோடு லோர்டினே நுவோவோ, அதாவது புதிய ஒழுங்கு, என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நொன்னோவின் தகப்பன் ஆலைக்குள் வைத்து வாசித்தது அதைத்தான். படியுங்கள், நமக்கு நம் அறிவு முழுவதும் தேவைப்படும் என்று அதன் முதல் இதழில் எழுதியிருந்ததை நொன்னோ மனப்பாடமாகச் சொல்வார். தகப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்ததே அந்தப் பத்திரிகையால்தான் என்பார்.

பத்து வருடப் பத்திரிகை வேலையில் 400 பக்கத்தில் 15, 20 புத்தகம் போடும் அளவுக்கு எழுதியிருப்பேன், ஆனால் எல்லாம் அன்றன்றைக்கு எழுதியது, அன்றைய பொழுதோடு போக வேண்டியது என்று கிராம்சி பிறகு சொன்னார். எனக்கு இந்த வார்த்தை மிகவும் பெரிதாகப் படுகிறது. அன்றன்றைக்குத் தேவையானதை ஒழுங்காகச் செய்துவிட்டு எழும்புகிற மனம் அது. 1924 பிப்ரவரி 12 ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சியின் லூனிதா நாளிதழ் வந்தது அவருடைய யோசனையில்தான். அதே வருடம் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அங்கே அவர் பேசியது ஒரே ஒரு பேச்சு, 1925 மே 16, முசோலினி முன்னால் இருந்து குறுக்கிட்டுக்கொண்டிருக்க. அடுத்த வருடம் நவம்பர் 8 ஆம் தேதி, உறுப்பினருக்குரிய பாதுகாப்பு இருந்தும், ரோமில் கைதுசெய்தார்கள்.

தண்டனைக் காலம் பல தடவை குறைக்கப்பட்டு 1937 ஏப்ரல் 21 இல் முடிந்தது. சார்தீனியாவுக்குத் திரும்பிவிட நினைத்து, சாந்து லுசூர்ஜுவில் ஓர் அறை பார்க்கச் சொல்லியிருந்தார். ஏப்ரல் 25 இரவு மூளையில் இரத்தம் கசிந்தது, 27 அதிகாலை ரோமில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். மகன் வருவான் என்று இருந்த தகப்பன் பிரான்செஸ்கோ மே 16 ஆம் தேதி இறந்தார். மூன்று கிழமைகூட ஆகவில்லை. நாங்கள் கிலார்சாவில் நின்றது ஏப்ரல் 26.

சரி, யாருக்கு இந்த இடம் ஏற்றது? கிராம்சியின் கொள்கையை ஆழமாகப் படிக்கிறவர்களுக்கு இங்கே புதிதாக அதிகம் கிடைக்காது என்று நினைக்கிறேன். அதற்குக் குறிப்பேடுகளை வாசிக்க வேண்டும். இங்கே போக வேண்டியவர்கள், கடிதங்களில் சிலவற்றையாவது வாசித்தவர்கள். வாசிக்காமல் போனால் ஒரு பழைய கல்வீடு, கொஞ்சம் படங்கள், அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். வாசித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு மூலையிலும் ஆள் இருப்பார். பத்துப் பதினைந்து கடிதம் போதும். தாய்க்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதியவையாக எடுத்துக்கொள்ளுங்கள், கட்சி விவகாரம் வேண்டாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், 10 வயதுக்கு மேலே என்றால் நல்லது. காலையிலேயே போய்விடுங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்பும் முன் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சின்ன ஊர், நம்பிப் போய் ஏமாறக் கூடாது. நான் கொடுக்கிற மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

அடுத்து தூரிக்குப் போவதாக இருக்கிறோம். தெற்கே புல்யாவில், 7047 என்ற கைதி எண்ணோடு அவர் ஐந்து வருடம் இருந்த சிறை. 1929 பிப்ரவரி 8 ஆம் தேதி முதல் குறிப்பேட்டைத் தொடங்கியது அங்கேதான். அது இன்றைக்கும் சிறைதான், அவருடைய அறையைப் பார்க்க எழுதி அனுமதி கேட்க வேண்டுமாம். விண்ணப்பத்தை மகள் எழுதுகிறாள். ஒவ்வொரு வரியையும் முதலில் என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அப்புறம் இத்தாலியனில் எழுதுகிறாள். நேற்று மூன்று வரி முடிந்தது.